மடங்காத முழந்தாள்

பெரிய வெள்ளி, பிற்பகல் மூன்று மணி.
"முழந்தாளிடுவோம்" என்கிறார் சாமியார்.
கோயில் முழுக்க ஒரே சரசரப்பு,
பாயில் புடவைகள் இறங்கும் சத்தம்.
கடைசித் தூணோரம்
நான் மட்டும் நிற்கிறேன்.

திமிர் இல்லை, ஆண்டவரே.
உமக்குத் தெரியும்.
தருமபுரி பெரியாஸ்பத்திரியில்
எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த டாக்டர்
முதலில் என் ஊர்ப் பெயரைக் கேட்டார்,
அப்புறம்தான் என் பெயரை.
"சலேத்மேரி, இது நீங்க குடிச்ச தண்ணிம்மா" என்றார்.

கல்யாணமாகி வந்த வருடம் போட்ட போர்.
எண்ணூறு அடியில் பாறையைத் துளைத்து
அது பீறிட்டு வந்தபோது
ஊரே நனைந்துகொண்டு கைதட்டியது.
நானும் இரண்டு கை ஏந்தி
தோத்திரம் சொல்லித்தான் குடித்தேன்.

உம்மை "நீர்" என்றுதான் அழைக்கிறேன்.
என் எலும்பைக் கல்லாக்கியதற்கும்
அதே பெயர்.
ஜெபம் சொல்லும்போது சில நாள்
யாரைக் கூப்பிடுகிறேன் என்று
எனக்கே தடுமாறும்.

பாலக்கோட்டு மண்டியில்
விடிவதற்கு முன்னே தக்காளி பிரிப்பேன்.
பழம் ஒரு பக்கம், செங்காய் ஒரு பக்கம்.
போன மாசம் கிலோ மூன்று ரூபாய்.
வந்த விலைக்கு வண்டி வாடகை கட்டாதென்று
கொட்டிவிட்டுப் போனார்கள்.
டயர் ஏறிச் சிவந்த ரோட்டில்
செருப்பு வழுக்க வழுக்க வீடு வந்தேன்.
செவ்வாய்க்கிழமை குழுக்கடன்.
அவர் ரிக் வண்டியோடு சத்தீஸ்கரில்,
இன்னொரு ஊருக்குத்
துளை போட்டுக்கொண்டு.

இப்போது காவிரித் தண்ணீர் குழாயில் வருகிறது,
நாலு நாளைக்கு ஒருமுறை.
அண்டா, குடம், பழைய பெயிண்ட் வாளி,
எல்லாவற்றிலும் பிடித்து வைக்கிறேன்.
உம்முடைய பலத்தைத்தான்
பிடித்து வைக்க முடியவில்லை.
இருபத்தைந்து கிலோ பெட்டிக்கு அடியில்
கையைக் கொடுக்கும் நொடிவரை வராது.
தூக்கி வைத்ததும் போய்விடும்.
அடுத்த பெட்டிக்கு
மறுபடி கேட்க வேண்டும்.
கேட்டுக் கேட்டே
எத்தனை லாரி ஏற்றியிருக்கிறோம்,
நீரும் நானும்.

குணமாக்கும் என்று அழுத வருடங்கள் உண்டு.
நீர் பேசவில்லை.
நானும் மூன்று மாதம் இந்தப் பக்கம் வரவில்லை.
இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது.

இன்றைய பாடுகளின் வாசிப்பில்
தாகமென்று நீர் சொன்ன இடம் வந்தது.
காடி கொடுத்தார்களாம்.
எனக்கு வேறொன்று தோன்றியது.
எங்கள் ஊர் போரடியில் வந்து நின்று
நீர் தண்ணீர் கேட்டிருந்தால்
செம்பை முந்தானையில் மறைத்திருப்பேன்.
வேண்டாம் சாமி, பல் கறுக்கும்,
முதுகு விறைக்கும்,
முழங்கால் மடங்காது.

நீர் கேட்டிருக்க மாட்டீர்.
வாங்கி, அண்ணாந்து,
கடைசிச் சொட்டுவரை குடித்திருப்பீர்.
குடித்துவிட்டு இந்தத் தூணோரம்
என் பக்கத்தில் நின்றிருப்பீர்.
அங்கே மட்டும் என்ன,
ஆணி அடித்த கால் மடங்கவா போகிறது.

சிலுவை முத்தி செய்ய வரிசை நகர்கிறது.
பீடத்தின் படியில் கிடத்தியிருக்கிறார்கள்.
ஒவ்வொருவராய்க் குனிகிறார்கள்.
என் முறை வந்ததும் நிற்கிறேன்.
கையும் எட்டாது.
பின்னால் யாரோ இருமுகிறார்கள்.

பீடப் பையன் டெரன்ஸ், பதினொரு வயது.
என்னை ஒரு பார்வை,
சிலுவையை ஒரு பார்வை.
யாரையும் கேட்காமல்
இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துத் தூக்குகிறான்,
என் உதட்டு உயரத்துக்கு.
தேக்கு மரம். தோள்வரை நடுங்குகிறது அவனுக்கு.
"சீக்கிரம் அத்தே, கனமா இருக்கு"
என்று சிரிக்கிறான்.
அரிசி மாதிரிப் பல்,
காவிரி குடித்து முளைத்தது.
ஒரு பழுப்பு இல்லை.